வாசலில் ஓர் ஆண் செருப்பு

மேற்பார்வையாளராக ஆவதற்கு முன் பல ஆண்டுகள் நான் சிங்கப்பூரில் ஒரு பிள்ளைகள் பாதுகாப்பு நிலையத்தில் வீடு வீடாகப் போய்வரும் அலுவலராகத்தான் இருந்தேன். வீட்டில் அடிபட்ட பிள்ளைகள், கவனிக்க ஆளில்லாமல் விடப்பட்ட பிள்ளைகள். அவர்கள் அந்த வீட்டிலேயே இருக்கலாமா, வேறெங்காவது பாதுகாப்பாக வைக்க வேண்டுமா, வைத்தால் எப்போது திரும்ப அனுப்பலாம் என்று சொல்லும் வேலை. பதவி உயர்ந்ததும் எனக்கு வீடுகள் நின்றுபோயின. கண்ணாடிச் சுவர் வைத்த அறை ஒன்று கிடைத்தது. அதன் சன்னல் திறக்காது. குளிர்சாதனத்தைக் குறைக்கவும் முடியாது. வெளியே வெயில் கொளுத்தும்போது நான் உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, காலக்கெடு தாண்டிய கோப்புகள் சிவப்பாக மின்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் இளையவர்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் நிலைக்க மாட்டார்கள். ஒருவர் விலகினால் அவருடைய குடும்பங்களை மீதிப் பேருக்குப் பங்கிட வேண்டும். பங்கு கிடைத்தவர் களைத்துப்போய் அவரும் விலகுவார். வாராவாரம் அவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து நான் பேச வேண்டும். அந்தப் பேச்சு, கோப்பில் உள்ள பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி இருக்க வேண்டும் என்றுதான் பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வாயிலிருந்து வந்ததோ, "அறிக்கை எப்போ முடியும்? வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்பதுதான்.

கிளமெண்டியில் ரயிலேறும்போதே கைப்பேசியில் அறிக்கைகளைத் திறந்துவிடுவேன். "பிடிக்கலன்னா விட்டுடு. யாரு கட்டிப்போட்டிருக்கா?" என்று என் கணவர் கேட்டார். யாரும் கட்டிப்போடவில்லைதான். ஆனால் நான் விலகினால் என் திரையில் உள்ள சிவப்பெல்லாம் அடுத்த அறைக்காரியின் திரைக்குப் போகும். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது.

அப்படி இருந்த நாள்களில்தான் ஒரு தாயின் கோப்பு என் குழுவில் நாலாவது கைக்கு மாறியது.

அவர் மலேசியாவில் ஜொகூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். முதல் கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள். பிறகு இன்னொருவரோடு வாழ்ந்தார். மகள் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது, இடது கையால் எழுத முயல்வதைக் கண்டு ஆசிரியை விசாரித்தார். வலது முன்கையில் எலும்பு விரிசல். மைலோ பானத்தைக் கொட்டியதற்காக அந்த மனிதர் கையை முறுக்கியிருக்கிறார். பிள்ளையைப் பொங்கோலில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைத்தோம். தாய் அந்த ஆளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எங்கள் நிலையம் அதை நம்பவில்லை. அந்த ஆள் இன்னும் வந்துபோகிறார் என்று ஒவ்வோர் அலுவலரும் எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே, தாய் ஒத்துழைப்பதில்லை, கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை என்றும் இருந்தது. முந்தையவர் எழுதியதை அடுத்தவர் படித்துவிட்டுப் போய், அதையே பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

புதிதாகப் பொறுப்பேற்ற அலுவலருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தாயும் மகளும் எங்கள் நிலையத்தில் சந்திக்கும் சனிக்கிழமைச் சந்திப்பு ஒன்றுக்குப் பிறகு அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இன்னிக்கு அந்தப் பிள்ள வாய்தவறி அவங்க அம்மாவ ஆண்ட்டின்னு கூப்பிட்டுருச்சு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. கொண்டுவந்த இடியப்பத்த மூடிப் பைக்குள்ள வச்சிட்டாங்க. டைம் முடியறதுக்கு முன்னாடியே கெளம்பிப் போயிட்டாங்க. நான் இத எப்படி எழுதறது? சந்திப்பைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா?"

அப்படித்தான் எழுதியிருப்பார்கள். எனக்கே அந்த வாக்கியம் மனத்துக்குள் தயாராக இருந்தது. அடுத்த வாரம் அவள் அந்த வீட்டுக்குப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன். மேற்பார்வையாளர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று விதி இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். அங்கே போன அன்று மாலை எனக்கிருந்த கூட்டத்துக்குத் தாமதமாக வருவேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வாடகை அடுக்குமாடி புளோக். தாய் அங்கிருந்து நடக்கிற தூரத்தில், சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் சமையல்கட்டில் வேலை பார்த்தார். விடியுமுன் போய் மதியத்துக்குமேல் திரும்புவார். நாங்கள் போன நேரம் அவர் அப்போதுதான் வந்திருந்தார். சட்டையில் தேங்காய்ச் சட்னியின் வாசம் இருந்தது. இரும்பு கேட்டுக்கு வெளியே அவருடைய செருப்பும், அதன் பக்கத்தில் பெரிய கறுப்பு ஆண் செருப்பு ஒரு சோடியும் கிடந்தன. என் அலுவலர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோப்பில் எல்லாரும் எழுதியிருந்த செருப்பு அதுதான்.

ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. எங்களை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் அலுவலர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, பயிற்சியில் சொல்லித்தந்தபடி இதமாகத் தொடங்கினாள்.

"நான் இப்பதான் இந்தக் கேஸ எடுத்திருக்கேன். உங்களப் பத்தி முதல்லேர்ந்து கொஞ்சம் சொல்றீங்களா?"

அவர் எழுந்தார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நேராக வாசலுக்குப் போய், இரும்பு கேட்டை இழுத்து மூடி, பூட்டைப் போட்டு அழுத்தினார். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு யாரும் போக முடியாது" என்றார். குரல் உயரவில்லை. "முதல்லேர்ந்து, முதல்லேர்ந்து. எத்தன பேர்கிட்ட மேடம் முதல்லேர்ந்து சொல்றது? சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க வேலைய விட்டுப் போயிடறாங்க. அடுத்த ஆளு வந்து மறுபடி முதல்லேர்ந்து. அதுக்குள்ள என் பிள்ள என்னை மறந்துருச்சு லா."

என் அலுவலரின் கை பைக்குள் இருந்த கைப்பேசிக்குப் போனது. எங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது தெளிவானது. வெளியேற விடாமல் தடுத்தால் போலீசைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள், பூட்டை வெட்டுவார்கள், அந்தத் தாயின் பிள்ளை இன்னும் நெடுங்காலத்துக்கு அந்த வீட்டுக்கு வராது. கூப்பிடாவிட்டால், ஏதாவது நடந்துவிட்டால், ஓர் இளம் அலுவலரை ஆபத்தில் விட்டவள் நான். சமையல்கட்டில் கத்தி இருந்தது. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"போலீசக் கூப்பிடுங்க" என்றார் அவர். "வரட்டும். அவங்களுக்கும் முதல்லேர்ந்து சொல்றேன்."

"போன பைக்குள்ளயே வைம்மா" என்று என் அலுவலரிடம் சொன்னேன். பிறகு அவரிடம், "சரி. நாங்க எங்கயும் போகல. சொல்லுங்க" என்றேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். அவர் மூடிய கையைப் பார்த்தபடி, "இப்ப எங்கேருந்து தொடங்கறதுன்னே தெரியல மேடம்" என்றார்.

அந்த நொடியில் எனக்குத் தோன்றியதை நான் எங்கும் படித்திருக்கவில்லை. வேறு வழி இல்லாததால் தோன்றியது.

"அப்ப நான் சொல்றேன்" என்றேன். "உங்களப் பத்தி எங்க ஆபிஸ்ல என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சொல்லத் தொடங்கினேன். ஜொகூரிலிருந்து வந்தது, முதல் கணவர் மாரடைப்பில் போனது.

"மாரடைப்பு இல்ல. சிறுநீரகம். ரெண்டு வருஷம் நான்தான் கூட்டிட்டு அலைஞ்சேன்."

திருத்திக்கொண்டேன். உறவினர் யாரும் இல்லை என்றேன். ஜொகூரில் அக்கா இருக்கிறாள், இந்த ஆளோடு சேர்ந்த பிறகு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்றார். அந்த மனிதர் வந்தது, குடித்தது, மைலோ கொட்டியது எல்லாம் சொன்னேன். என் அலுவலர் குறிப்பு எடுப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பைக்குள் கைப்பேசி அதிர்ந்து அடங்கி மறுபடி அதிர்ந்தது. நான் போயிருக்க வேண்டிய கூட்டம்.

"அந்த ஆள் இன்னும் இங்க வந்துபோறார்னு எழுதியிருக்கு" என்றேன்.

"யார் சொன்னது?"

"வாசல்ல ஆம்பள செருப்பு இருக்கு. வந்த எல்லாரும் பாத்திருக்காங்க."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனவர், சாவியைப் போட்டு கேட்டைத் திறந்து, அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கேட் திறந்தே கிடந்தது. எங்கள் மூவரில் யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பாருங்க" என்று என் மடியில் வைத்தார்.

திருப்பிப் பார்த்தேன். அடிப்பகுதி தேயவே இல்லை. அளவு எழுதிய ஒட்டுத்தாள் ஒரு பக்கம் சுருண்டு, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவரு போனதுக்கப்புறம் இங்க ராத்திரில கதவத் தட்டுவாங்க. தனியா இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. அதான் தேக்காவுல போய் இருக்கறதுலயே பெரிய செருப்பா வாங்கிட்டு வந்து போட்டேன். அப்பப்ப இடத்த மாத்தி வைப்பேன். ஆம்பள இருக்கான்னு நெனைக்கட்டும்னு."

"இத ஏங்கா சொல்லல நீங்க?" என் அலுவலர் தன்னையறியாமல் அவரையும் அக்கா என்றாள்.

"யாரு கேட்டாங்க? எல்லாரும் குனிஞ்சு பாப்பாங்க. எழுதுவாங்க. கேக்க மாட்டாங்க."

அதோடு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். நான் மேலே சொன்னேன். பிள்ளையின் கையில் அடிபட்டது உங்களுக்குத் தெரியாது, பள்ளியிலிருந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறது என்றேன். அவர் திருத்தவில்லை. அது சரி போலும் என்று நினைத்து அடுத்ததற்குப் போகப் பார்த்தேன்.

"நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன்.

"தெரியும். ராத்திரியே தெரியும். காலைல கை வீங்கியிருந்துச்சு. அவரு தூங்கிட்டிருந்தாரு. எழுப்பிக் கேட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போயிட்டேன். பிள்ள ஸ்கூலுக்குப் போகும், அங்க டீச்சர் பாப்பாங்க, கேப்பாங்கன்னு நெனச்சேன். என்னால சொல்ல முடியாதத அவங்க சொல்லட்டும்னு."

என் அலுவலர் தலை குனிந்துகொண்டாள்.

கீழே இறங்கி ரயில் நிலையத்துக்கு நடக்கும் வழியில், பூக்கடைகளைத் தாண்டியதும் அவள் நின்று, "அக்கா, அதையும் எழுதணுமா?" என்றாள்.

"எழுதணும்."

"எழுதினா பிள்ள வராது."

"எழுதாம பிள்ள வந்தா, அது பொய் மேல வரும்."

சொல்லிவிட்டேனே தவிர, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். செருப்பு அவரைக் காப்பாற்றும், அவர் சொன்ன உண்மை அவரைக் கவிழ்க்கும், அவர் பூட்டிய பூட்டு எங்கள் எல்லாரையும் கவிழ்க்கும்.

மறுநாள் எங்கள் நிலையத்தின் தலைவரைப் பார்த்தேன். சீனர், என்னைவிடச் சில வயது மூத்தவர், இதே வேலையில் அடிமட்டத்திலிருந்து வந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டியதைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஏன் போலீசைக் கூப்பிடவில்லை என்று கேட்டார். கூப்பிட்டிருந்தால் செருப்பைப் பற்றி இன்றும் நமக்குத் தெரிந்திருக்காது என்றேன். அது பதில் இல்லை என்றார். உன்னோடு இருந்த பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவளுடைய பெற்றோரிடம் போய் இதைத்தான் சொல்லியிருப்பாயா என்று கேட்டார்.

நான் கேட்டது ஒன்றுதான். அந்தப் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் தாயையும் உட்கார வைக்க வேண்டும். அவரைப் பற்றி எழுதியதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தப்பாக இருப்பதை அவர் திருத்த வேண்டும். அதுவரை அந்தக் கூட்டங்கள் பெற்றோர் இல்லாமல்தான் நடந்தன. முடிவை மட்டும் பிறகு சொல்வோம்.

"இன்றைக்கு ஒருவரை உட்கார வைத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"கேட்கட்டும்" என்றேன்.

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடையதும் திறக்காத சன்னல்தான். பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாருடைய கையெழுத்து என்றுதான் தேடுவார்கள், என்னுடையதைத்தான் கண்டுபிடிப்பார்கள் என்றார். அவர் கோழை இல்லை. நான் உட்கார்ந்திருந்த அதே பெட்டிக்குள், ஒரு மாடி மேலே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "ஒரே ஒரு முறை" என்றார்.

கூட்டத்துக்கு அந்தத் தாய் தீபாவளிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். பெரிய மேசை, நீர்ப்புட்டிகள், மருத்துவர், உளவியலாளர், வளர்ப்புத் தாய். என் அலுவலர் கோப்பில் இருந்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னாள். பிள்ளையின் கை பற்றிய இடம் வந்தபோது தாய் தானே சொல்கிறேன் என்றார். சொன்னார். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தும் இன்னொருவர் சொல்லட்டும் என்று விட்டவரிடம் எப்படித் திருப்பித் தருவது என்று மருத்துவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

உளவியலாளர், "இனி அப்படி ஒன்று நடந்தால் யாரிடம் முதலில் சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

தாய் யோசித்தார். பிறகு எதிரே இருந்த வளர்ப்புத் தாயைக் காட்டினார். "இவங்ககிட்ட. இவங்க என் பிள்ளையப் பாத்துக்கிட்டாங்க. இவங்களுக்குச் சொல்லாம இருக்க என்னால முடியாது."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசி எண்ணை அவரிடம் அங்கேயே கொடுத்தார். எங்கள் விதிப்படி அதைச் செய்யக்கூடாது. தலைவர் தன் நீர்ப்புட்டியைத் திறப்பதில் கவனமாக இருந்தார்.

பிள்ளை உடனே வீட்டுக்கு வரவில்லை. முதலில் வார இறுதிகள். அந்த ஆள் எங்கே என்று இப்போது நாங்கள் ஒழுங்காக விசாரித்தோம். வேறொரு வட்டாரத்தில் வேறொரு பெண்ணோடு இருந்தார். அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது. அது புதிய கோப்பாக என் திரைக்கே வந்தது. செருப்பைக் குனிந்து பார்த்து எழுதிய இத்தனை நாளும் நாங்கள் தவறான வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பள்ளி ஆண்டு முடிந்த விடுமுறையில் பிள்ளை வீட்டுக்குத் திரும்பியது. அதற்குச் சில மாதங்கள் கழித்து என் அலுவலர் விலகல் கடிதம் கொடுத்தாள். ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறாள். எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பொறாமை வந்தது. ஆனால் போவதற்கு முன் அவள் ஒன்று கேட்டாள். தன்னுடைய குடும்பங்களைக் கோப்பாக ஒப்படைக்க மாட்டேன், புதியவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அந்த வீட்டார் முன்னாலேயே சொல்லி ஒப்படைக்கிறேன் என்றாள். தலைவர் அனுமதித்தார். அது பிறகு எங்கள் நிலையத்தில் வழக்கமாகவே ஆயிற்று. ஆனதும் அதற்கும் ஒரு காலக்கெடு வந்தது, செய்யாவிட்டால் அதுவும் சிவப்பாக மின்னுகிறது. சிலர் வாசலில் நின்றபடியே செய்துவிட்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவள் தேக்கா வீட்டை ஒப்படைத்தபோது நானும் போனேன். புதிய அலுவலர் ஓர் இளைஞர். தமிழ் கொஞ்சம் தடுமாறும். தாய் தேநீர் கொடுத்தார். மகள் சமையல்கட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து இத்தனை மாதமாகியும் அவள் அந்த நாள்களைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வைக்க வேண்டாம் என்று உளவியலாளரும் சொல்லியிருந்தார். தொடங்குமுன் என் அலுவலர் அவளைக் கடைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். போக மாட்டேன் என்று மகள் தலையாட்டினாள்.

என் அலுவலர் சொல்லத் தொடங்கினாள். தாய் அங்கங்கே திருத்தினார். கை வீங்கிய காலை வந்தது. "அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. பாப்பா ஸ்கூலுக்குக் கெளம்பியிருந்தா."

"No" என்றாள் மகள். தலை நிமிரவில்லை. "நான் காரிடார்ல நின்னேன். அம்மா கீழேர்ந்து திரும்பிப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. அப்புறம் போயிட்டாங்க."

தாயின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"ஆமாம்" என்று அவர் குரல் கேட்டது. "பாத்தேன்."

மகள் வரைவதை நிறுத்தியிருந்தாள். பென்சிலைப் பிடித்த கை தரையில் அப்படியே இருந்தது. புதிய அலுவலர் என்னைப் பார்த்தார், இப்போது என்ன செய்வது என்பதுபோல. பிறகு அவரே நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, தடுமாறும் தமிழில் அந்தப் பிள்ளையிடம் கேட்டார்.

"அப்புறம் என்னாச்சு?"

அவள் சொல்லத் தொடங்கினாள்.